மூலை அறைக்கு வந்தவர்கள்

அத்தியாயம் 14

கையெழுத்துப் போட மாட்டேன் என்று பெரியவர் சொல்லி ஒரு வாரம் ஆகிவிட்டது. சொன்ன சொல்லிலிருந்து அவர் நகரவில்லை. மருமகளும் சுவரிலிருந்து அந்தத் தாளை எடுக்கவில்லை.

விடுதியின் முன் கூடத்தில், வரவேற்பு மேசைக்கு நேர் எதிரே, மரச்சட்டத்துக்குள் அது தொங்கியது. மேலே 'எங்கள் விடுதியின் நெறிமுறைகள்' என்று பெரிய எழுத்து, அதன் கீழே விதிகள், அடியில் கையெழுத்துகளுக்கு வெற்றிடம். சமையல்காரர், துணி துவைப்பவர், குடும்பத்தார் என்று பாகுபாடு இல்லாமல் இன்று மதியம் எல்லாரும் கையெழுத்திட வேண்டும். அதன் பிறகுதான் கண்ணாடி பொருத்துவதாக ஏற்பாடு.

"சட்டத்துக்கே சட்டம் போட்டு மாட்டிட்டா மச்சான் உங்க மருமக" என்று பெரியவருடைய தங்கையின் கணவர் அதைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லிச் சிரித்தார். ஒரு தடவை சொன்னதை இருபது தடவை சொல்வது அவர் சுபாவம். அதனால்தான் விடுதியில் அவருக்கு வானொலி என்று பேர்.

பெரியவர் சிரிக்கவில்லை. "பொய் சொல்லக் கூடாதுன்னு எழுதிச் சுவர்ல மாட்டினா, இத்தனை நாளும் சொல்லிக்கிட்டிருந்தோம்னுதானே அர்த்தம்?" என்று மருமகளிடம் கேட்டிருந்தார். அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. பதில் இல்லாமல் இல்லை. மாமனாரிடம் எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக் கூடாது என்று தெரிந்த பெண் அவள்.

காலைக் காப்பி நேரம் முடிந்து கூடம் கொஞ்சம் ஓய்ந்திருந்தபோது அந்தப் பெண்மணி உள்ளே வந்தார். பெட்டி இல்லை, பை இல்லை. கையில் ஒரு சிறிய பார்சல் மட்டும். பிரித்துவிட்டு மறுபடி கட்டிய பார்சல்.

"மூலை ரூமைப் பாக்கணும்" என்றார்.

"எத்தனை நாளைக்கு வேணும் மேடம்?" என்றாள் மேசையில் இருந்த மருமகள்.

"தங்கறதுக்கில்ல. பாக்கணும். மரக்கடைக்காரர் மாசாமாசம் வந்து தங்குவாரே, அந்த ரூம். நான் அவர் சம்சாரம்."

பக்கத்தில் தன் வழக்கமான நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த பெரியவர் பார்சலைப் பார்த்தார். அந்தப் பழுப்புத் தாள் அவருக்குத் தெரிந்த தாள். அந்தச் சணல் கயிறும் தெரிந்த கயிறு. மேசைமேல் அதைப் பிரித்து அந்த அம்மாள் எடுத்து வைத்த மூக்குக் கண்ணாடியும் அவர் கையால் கட்டி அனுப்பியதுதான்.

மருமகள் அந்த அம்மாளைச் சாப்பாட்டுக் கூடத்தின் ஓரத்து மேசைக்கு அழைத்துப் போய் உட்காரவைத்தாள். காப்பிக்குச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தபோது அவள் குரல் பாதாளத்துக்குப் போயிருந்தது.

"இதை யாரு மாமா அனுப்பினது?"

"நான்தான்."

"நீங்களா?"

"ரூம் கூட்டறவ தலையணைக்கு அடியில கிடந்துச்சுன்னு கொண்டாந்து குடுத்தா. யார் தங்கின ரூம்னு பார்த்தேன். மரக்கடைக்காரர்னு இருந்துச்சு. வீட்டு விலாசம் இருந்துச்சு. அனுப்பிட்டேன். அடுத்தவங்க பொருளை அமுக்கி வச்சுக்கறது நம்ம வீட்டுப் பழக்கமா?"

"இது லேடீஸ் கண்ணாடி மாமா."

"இருக்கட்டும். அதனால என்ன?"

மருமகள் சாப்பாட்டுக் கூடத்துப் பக்கம் கண்ணைக் காட்டினாள். "அந்த அம்மா கண்ணாடி போடலையே."

பெரியவருக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்ததும் முதுகு இன்னும் நிமிர்ந்தது. சங்கடம் வந்தால் வளைகிற உடம்பு அல்ல அது.

"விட்டுட்டுப் போன பொருளை அவங்களே கேட்டு வந்தாத்தான் குடுக்கணும். நாமளா வீட்டுக்கு அனுப்பக் கூடாது. யார்கூட வந்தாங்க, எதுக்கு வந்தாங்க, அது நமக்குத் தெரியாது. விடுதித் தொழில்ல இது அரிச்சுவடி மாமா. நாலாவது விதியா எழுதியிருக்கேன். நீங்கதான் படிக்கவே மாட்டேன்னுட்டீங்க."

"படிச்சேன். திருட்டுக்கு வக்காலத்து வாங்கற மாதிரி இருந்துச்சு."

"கம்ப்யூட்டர்ல ரெண்டு பேர் தங்கினதாதான் இருக்கு. அவர்கூட ஒரு பொம்பளை வந்திருக்காங்க போல."

மரக்கடைக்காரரா? பெரியவரால் நம்ப முடியவில்லை. சாப்பிட்டு எழுந்தால் நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டுப் போகிற மனிதர். ஆனால் அந்தரங்கத்துக்கும் நாற்காலிக்கும் என்ன சம்பந்தம்?

"அந்த அம்மா என்ன கேட்டாலும் ஒரே பதில்தான் மாமா. எங்க விருந்தாளிங்க விஷயத்தை நாங்க வெளிய சொல்றதில்ல."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"பொய் இல்ல. சொல்ல மாட்டோம்னு சொல்றது."

"ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு இடம் இருக்குன்னு எனக்கு இன்னும் பிடிபடல" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் எழுந்தார். அனுப்பியது அவர். அதனால் எதிரே போய் உட்கார வேண்டியதும் அவர்தான். தவறு நேர்ந்தால் வேலைக்காரர்களை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நிற்பது அவர் பரம்பரையில் இல்லை.

காப்பி ஆறிப் போயிருந்தது. அந்த அம்மாள் தொடவில்லை.

"பார்சல் அனுப்பினது நான்தாம்மா. எதையும் மனசுல வச்சு அனுப்பல."

"தெரியும் ஐயா. உங்களைப் பத்தி அவர் நிறையச் சொல்லியிருக்கார். பொய் சொல்லாத மனுஷன்னு."

அந்தப் பாராட்டைப் பெரியவரால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. 'எங்கள் விருந்தாளிகள் விஷயத்தை நாங்கள் வெளியே சொல்வதில்லை' என்ற வாக்கியத்தை மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். அது மருமகள் வாயில் இருந்த அளவு அவர் வாயில் சுகமாக உட்காரவில்லை.

அதற்குள் அந்த அம்மாளே ஆரம்பித்துவிட்டார்.

"நீங்க நினைக்கற மாதிரி நான் என் வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டு வரல. அவர் இங்க தங்கினதா பார்சல்ல எழுதியிருக்கீங்களே, அன்னைக்கு அவர் ஆஸ்பத்திரியில படுத்திருந்தார். சிறுநீரகத்துல கல்லு. விடிய விடிய அவர் பக்கத்துல உக்காந்து விசிறினது நானு."

பெரியவர் ஆறிய காப்பியை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"அப்ப அவர் பேர்ல உங்க ரூம்ல படுத்திருந்தது யாரு?"

சாப்பாட்டுக் கூடத்தில் யாரோ தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நின்றால் தேவலை என்று இருந்தது பெரியவருக்கு.

"என் பொண்ணுக்குச் சம்பந்தம் பேசிக்கிட்டிருக்கோம் ஐயா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்திருந்த நேரத்துல உங்க பார்சல் வந்துச்சு. என் நாத்தனார் எல்லார் முன்னாலயும் பிரிச்சா. பொம்பளைக் கண்ணாடி. விடுதி முத்திரை. அவர் ஆஸ்பத்திரியில இருந்தார்னு நான் சொன்னா, புருஷனைக் காப்பாத்தப் பேசறேன்னு அவங்களுக்குள்ள பேச்சு. வேற யாரோ தங்கியிருப்பாங்கன்னு சொன்னா எடுபடாது. யாருன்னு நான் போய்ச் சொல்லணும். அவர் பேரை எடுத்து யாரோ போர்த்திக்கிட்டாங்க. அதைத் திருப்பிக் குடுங்கன்னு கேட்டு வந்திருக்கேன். வேற ஒண்ணும் வேணாம்."

"மதியத்துக்குள்ள சொல்றேன்" என்றார் பெரியவர். வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் அதன் கனம் தெரிந்தது.

விருந்தாளியின் தப்பை மறைப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு போனவர், சொந்த வீட்டில் ஒரு பொய் குடியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு திரும்பினார். விடுதி மேசையில் சாயங்காலத்துக்கு மேல் குடும்பத்தாரைத் தவிர யாரும் உட்காருவதில்லை. அதுவும் அவர் போட்ட ஏற்பாடுதான். வெளியாளை நம்ப முடியாது என்பதற்காக.

"அன்னைக்குச் சாயங்காலம் மேசையில யாரு?" என்றார் மருமகளிடம்.

"நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். உங்க பையன் சரக்கு வாங்க வெளியூர் போயிருந்தார். சின்ன மாமா முறை அன்னைக்கு."

சின்ன மாமா என்றால் வானொலி.

"உன் பேர்லதானே கம்ப்யூட்டர் திறக்குது?"

மருமகள் நிமிர்ந்தாள். "என் பேர்லதான் திறக்குது. எல்லாரும் அதைப் போட்டுத்தான் திறக்கறோம். மாமா, என்னையா சந்தேகப்படறீங்க?"

"இன்னைக்கு என் நிழல் கூட வந்தாலும் திரும்பிப் பார்ப்பேன்."

"விதி எழுதினவளே விதியை உடைப்பாளா?"

"எழுதினவங்களுக்குத்தான் எங்க உடையும்னு தெரியும்."

சொன்ன பிறகு அவருக்கே அது கொஞ்சம் அதிகமாகப் பட்டது. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. மருமகள் கணினியின் திரையை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு நகர்ந்தாள்.

வானொலி பின்கட்டில் காய்கறி மூட்டைகளுக்கு நடுவே நின்று உருளைக்கிழங்கைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பெரியவரைக் கண்டதும் வழக்கமாக ஆரம்பிக்கும் ஒலிபரப்பு இன்று ஆரம்பிக்கவில்லை. அதுவே முதல் கோளாறு.

"மாப்பிள்ளை, போன மாசம் மூலை ரூமுக்கு ஆள் போட்டது யாரு?"

"நான்தான்."

இவ்வளவு சின்னப் பதில் அவர் வாயிலிருந்து வந்து பெரியவர் கேட்டதில்லை.

"யாருக்குக் குடுத்தீங்க?"

"ஞாபகம் இல்ல மச்சான்."

"எந்தக் கல்யாணத்துல எந்தப் பந்தியில உப்பு கம்மின்னு சொல்ற ஆளு நீங்க. போன மாசம் வந்த ஆள் ஞாபகம் இல்லையா?"

"வயசாகுதுல்ல."

"எவளையாவது கூட்டிட்டு வந்து வச்சிருந்தீங்களா?"

வானொலி கையில் இருந்த கிழங்கை மூட்டையில் போட்டார். அவர் முகத்தில் கோபம் வந்தது. அதற்கும் முன்னால் வேறு ஏதோ ஒன்று வந்து போனது. பெரியவருக்கு அது பிடிபடவில்லை.

"மச்சான், என்னை என்ன வேணா கேளுங்க. அந்த 'எவளையாவது' மட்டும் திரும்ப எடுத்துக்குங்க. பின்னாடி நீங்கதான் வருத்தப்படுவீங்க."

பெரியவர் வந்த வழியே முன் கூடத்துக்குத் திரும்பினார். சந்தேகம் என்பது ஒரு கெட்ட விருந்தாளி. அறை கொடுத்துவிட்டால் எல்லா அறையின் கதவையும் தட்டிப் பார்க்கும். வானொலி ஏதாவது பெண் விவகாரத்தில் மாட்டியிருக்கிறாரா? அப்படியானால் தங்கையின் வாழ்க்கை என்ன ஆவது? இல்லை, மருமகள் தான் எழுதிய விதியை நியாயப்படுத்த இப்படி ஒரு நாடகம் ஆடுகிறாளா? சீ என்று அதை உதறினார். உதறிய பிறகும் அது காலைச் சுற்றியது.

திரையில் இருந்ததை இப்போதுதான் நிதானமாகப் படித்தார்.

மரக்கடைக்காரரின் பேர் முழுசாக, இனிஷியலோடு இருந்தது. ஓர் எழுத்துப்பிழை இல்லை. பெரியவர் மறுபடியும் படித்தார். வானொலிக்குச் சின்ன ரவுக்கும் பெரிய றவுக்கும் ஆயுள் முழுக்கச் சமாதானம் ஆனதில்லை. மரக்கடையை 'மறக்கடை' என்று எழுதி, துணிக்கடைக்காரர் முதல் தபால்காரர் வரை சிரித்த ஆள் அவர். இது அவர் கை இல்லை.

பேருக்குப் பின்னால் இன்னொன்றும் இருந்தது. 'அவர்கள்.' கணினி கேட்காத மரியாதை. அதைப் போடுகிற ஒரே ஒரு ஆள் இந்த வீட்டில் இருந்தாள்.

மாடிக்குப் போகும் படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது துணி அறை. வெளுத்து வந்த விரிப்புகளும் உறைகளும் கூரை வரை அடுக்கியிருக்கும். நடுவில் இஸ்திரி மேசை. பெரியவரின் தங்கை ஒரு விரிப்பின் நாலு மூலைகளையும் சரிபார்த்து மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் வந்ததைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை.

"உன் புருஷன் பொய் சொல்றார்."

"அதுகூட அவருக்கு ஒழுங்கா வராதே அண்ணா."

"மூலை ரூம்ல தங்கினது யாரு?"

தங்கை விரிப்பை அடுக்கில் வைத்தாள். "அண்ணன் கேக்கறீங்களா, முதலாளி கேக்கறாரா?"

"ரெண்டு பேரும்தான்."

"அப்ப ரெண்டு பேரும் உக்காருங்க."

பெரியவர் உட்காரவில்லை. தங்கை அடுத்த விரிப்பை எடுத்து உதறினாள்.

"அன்னைக்குச் சாயங்காலம் அவர் தலைவலின்னு படுத்துட்டார். மேசையில நான் உக்காந்தேன். நல்ல மழை. வாசல் வெளிச்சத்துல வந்து நின்னா. உள்ள வரல. அங்க நின்னுக்கிட்டே கேட்டா, 'ஒரு ராத்திரிக்கு ரூம் கிடைக்குமா அத்தை'ன்னு."

பெரியவரின் தங்கையை அத்தை என்று அழைக்க உலகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவன் அவர் மகன். இன்னொருத்தி மருமகள்.

மூன்றாவது ஆளைப் பற்றி இந்த விடுதியில் நாலு வருஷமாக யாரும் பேசுவதில்லை. இதே முன் கூடத்து மேசையைக் கட்டி ஆண்டவள். சுகாதார அதிகாரி வந்து, மாடித் தண்ணீர்த் தொட்டியை எப்போது கழுவினீர்கள் என்று கேட்ட அன்று, "கழுவி மாசக்கணக்காச்சு சார்" என்று விருந்தாளிகள் நாலு பேர் காதுபடச் சொல்லிவிட்டாள். உண்மைதான் சொன்னாள். விடுதியை மூடி முத்திரை வைத்தார்கள். ஊரே வேடிக்கை பார்த்தது. 'உண்மைன்னா என்கிட்ட உள்ள வந்து சொல்லியிருக்கணும், கூடத்துல நின்னு சொல்லியிருக்கக் கூடாது' என்றார் பெரியவர். 'கேட்டது கூடத்துல நின்னுதானேப்பா' என்றாள் மகள். அன்று சாயங்காலமே படியிறங்கிப் போனாள். அவள் பேரை இந்த வீட்டில் யாரும் சொல்லவும் கூடாது, எழுதவும் கூடாது என்று பெரியவர் உத்தரவு போட்டார். போட்ட உத்தரவு போட்டதுதான்.

"பேர் போடாம சாவி குடுக்க முடியாது அண்ணா. கம்ப்யூட்டர் பேர் கேக்குது. அவ பேரை எழுதக் கூடாதுன்னு நீங்க சொன்னது. நான் உங்க வார்த்தையை மீறினதில்ல."

"அதுக்கு மரக்கடைக்காரர் பேரா?"

"மூலை ரூம் எப்பவும் அவர் பேர்லதானே இருக்கும். இல்லாத ஒரு பேரை இட்டுக்கட்டி எழுத எனக்குக் கை வரல. அதுதான் பொய்ன்னு பட்டுச்சு. இருக்கற ஒரு நல்ல மனுஷன் பேரைப் போட்டா அவ்வளவு பாவம் இல்லைன்னு தோணுச்சு. வாடகையை என் கையிலேருந்து கட்டிட்டேன். அது நியாயமாத்தான் போச்சு."

கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் அந்தக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு அது விளங்கும். உத்தரவையும் மீறக் கூடாது, பொய்யும் எழுதக் கூடாது என்று இரண்டு பக்கமும் பயந்து, நடுவில் ஒரு நல்ல மனிதரின் மானத்தை மிதித்துவிட்டாள்.

பெரியவருக்குக் காலையில் மேசைமேல் பார்த்த கண்ணாடி ஞாபகம் வந்தது.

"கண்ணாடி அவளோடதா?"

"ஆமா."

"வீட்டை விட்டுப் போகும்போது அவ கண்ணாடி போடறதில்லையே."

"நாலு வருஷம் எல்லாருக்கும்தானே அண்ணா ஆச்சு."

அந்தக் கண்ணாடியை அவர் தன் வேட்டி நுனியால் துடைத்துத்தான் பொட்டலம் கட்டியிருந்தார். யாரோ ஒருவருடைய பொருள் அழுக்காகப் போய்ச் சேரக் கூடாது என்று. கண்ணாடிக்குள் பார்த்தபோது எதிர்ச் சுவர் வளைந்து தெரிந்தது.

"பவர் ஜாஸ்தி" என்றார்.

மகள் அவர் தலைக்கு மேலே ஒரு மாடி தள்ளி ஒரு ராத்திரி படுத்திருந்தாள். அவர் கீழே தூங்கிக்கொண்டிருந்தார். விருந்தாளியின் கதவைத் தட்டக் கூடாது என்பது அவரே வகுத்த ஒழுங்கு.

முன் கூடத்தில் கையெழுத்துக்காக எல்லாரும் கூடியிருந்தார்கள். சமையல்காரர் ஏப்ரனைக் கழற்றிவிட்டு நின்றார். அறை கூட்டும் பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி கை வைத்துக்கொண்டு, சுவரில் இருந்ததை வாய்விட்டுப் படித்தார்கள். வானொலி தூணோரம் ஒதுங்கி நின்றார். மரக்கடைக்காரரின் மனைவி பார்சலை மடியில் வைத்துக்கொண்டு வாசலுக்கு அருகே நாற்காலியில் காத்திருந்தார்.

பெரியவரைக் கண்டதும் மருமகள் கிட்டே வந்தாள். பின்னால் வந்த தங்கையின் முகத்தைப் பார்த்தாள். புத்திசாலிப் பெண், ஒரு பார்வையில் பாதியைக் கணக்குப் போட்டுவிட்டாள்.

"நம்ம ஆளா மாமா?" என்றாள் மெதுவாக.

பெரியவர் தலையை மட்டும் அசைத்தார்.

"அப்பச் சொல்லவே வேணாம். சொல்லவும் கூடாது. யார் தங்கினாலும் விருந்தாளிதான். விருந்தாளி யாருன்னு வெளிய சொல்லக் கூடாது, மூணாவது விதி. அந்த அம்மாகிட்ட நான் பேசறேன். யாரும் உங்களை ஒரு வார்த்தை சொல்ல முடியாது."

பெரியவர் சுவரைப் பார்த்தார். இத்தனை நாள் முள்ளாகத் தெரிந்த தாள் அது. இன்றைக்கு மெத்தை மாதிரி தெரிந்தது. அதில் சாய்ந்துகொண்டால் போதும். தொழில் தர்மம் என்று எல்லாரும் தலையாட்டுவார்கள். மகள் பேரும் வெளியே வராது. நாலு வருஷத்து உத்தரவும் அப்படியே நிற்கும். மரக்கடைக்காரரின் பேர் மட்டும் வேறு ஊரில், வேறு ஒரு வீட்டில், நாத்தனாரின் வாயில் கிடந்து கிழிபடும்.

அந்த அம்மாள் எழுந்து வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"ஐயா, சொல்ல முடியாதுன்னா அதையும் போய்ச் சொல்லிடறேன். பெரிய விடுதி, அவங்களுக்கும் ஒரு முறை இருக்கும்னு எனக்குப் புரியும். ஆனா கேக்கறவங்க என்ன நினைச்சுக்குவாங்கன்னு உங்களுக்கே தெரியும்."

இப்போதாவது அவர் அந்த அம்மாளை உள்ளறைக்குக் கூட்டிப் போய்ச் சொல்லியிருக்கலாம். மருமகள் அதற்குள் உள்ளறைக் கதவைத் திறந்தும் விட்டாள். பெரியவர் அந்தப் பக்கம் போகவில்லை.

"உங்க வீட்டுக்காரர் பேரை எடுத்து எழுதினது எங்க வீட்டு ஆளுங்கம்மா. அவங்களுக்கு வேற வழி இல்லாமப் பண்ணினது நான். உங்க சம்பந்தி வீட்டுக்கு நானே நேர்ல வந்து சொல்றேன். எந்த நாள்னு சொல்லி அனுப்புங்க."

"வந்தது யாருங்க ஐயா?"

பெரியவர் சுவரில் இருந்த தாளைக் காட்டினார்.

"விருந்தாளி யாருன்னு வெளிய சொல்லக் கூடாதுன்னு எங்க மருமக எழுதி மாட்டியிருக்கு. சரியாத்தான் எழுதியிருக்கு. அதுக்கு நான் கட்டுப்படறேன்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா அன்னைக்கு வந்தவ விருந்தாளி இல்ல. என் மக."

அதோடு அவள் பேரையும் சொன்னார். நடுக் கூடத்தில் நின்று, அறை கூட்டும் பெண்கள் வரை எல்லாருக்கும் கேட்கும்படி. நாலு வருஷமாக யார் வாயிலும் வராத பேர். ஒரு தடவை சொன்னது போதாதென்று, இனிஷியலோடு இன்னொரு தடவையும் சொன்னார். அந்த இனிஷியல் அவருடையது.

தூணோரம் வானொலி மேல்துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு இன்று மொத்த ஒலிபரப்பும் அதுதான்.

மரக்கடைக்காரரின் மனைவி பார்சலை இரண்டு கையாலும் பெரியவரிடம் நீட்டினார். அவர் முகத்தில் காலையிலிருந்து இருந்த இறுக்கம் தளர்ந்திருந்தது.

"பெரிய மனசு ஐயா. இது போதும் எனக்கு." பிறகு, ஒரு வீட்டு விசேஷத்தை விசாரிக்கிற சாதாரணக் குரலில் கேட்டார். "ரெண்டு பேர் தங்கினதா ரூம் கூட்டற பொண்ணு சொன்னாளே. கூட வந்தது உங்க மாப்பிள்ளைங்களா?"

தனக்கு ஒரு மாப்பிள்ளை இருக்கிறாரா இல்லையா என்பதுகூடப் பெரியவருக்குத் தெரியாது. தங்கையைத் திரும்பிப் பார்த்தார்.

"தனியா வரலையா அவ? கூட வந்தது யாரு?"

தங்கையின் கண் மருமகளின் மேல் இருந்தது. சரக்கு வாங்க வெளியூர் போயிருப்பதாகச் சொல்லிவிட்டுப் போன புருஷனை நம்பி, அன்று தாய் வீட்டில் தூங்கிய மருமகளின் மேல்.